மதுரையில் வயதான அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிட எங்கே போவது?

காவிரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி தஞ்சாவூரிலிருந்து மதுரைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. கே.கே. நகரில் வீடு. நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், அம்மா. அம்மாவுக்கு 71 வயது, முட்டி வலி, படி ஏற முடியாது. வெள்ளியும் சனியும் வீட்டில் அசைவம் கிடையாது. அதனால் ஞாயிறுதான் எங்களுக்கு வெளியே போகிற நாள்.

போன ஞாயிறு ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுப் புறவழிச்சாலைப் பக்கம் ஒரு பெரிய உணவகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். நாற்பது நிமிடம் வாசலில் நின்றோம். அம்மாவுக்கு மட்டும் ஒரு நாற்காலி கேட்டேன், "இப்ப டேபிள் காலியாயிரும் சார்" என்றார்களே தவிர யாரும் எடுத்துப் போடவில்லை. மணி மூன்றரைக்குச் சாப்பாடு வந்தது. சுக்கா ஆறிப்போய் ஓரத்தில் கொழுப்பு உறைந்திருந்தது. அம்மா ரசஞ்சோறு மட்டும் சாப்பிட்டார். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை. வீட்டுக்கு வந்து அம்மா சொன்ன ஒரே வார்த்தை, "இதுக்கு நான் வீட்லயே இருந்திருப்பேன்பா."

அது மனதைப் பிசைந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பேர்போன ஊருக்கு வந்து அம்மாவுக்கு ஒரு நல்ல வேளைச் சாப்பாடு வாங்கித் தர முடியவில்லை. ஆடம்பரமாக எதுவும் வேண்டாம். உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கடைக்குப் போகலாம், சொல்லுங்கள்.

மாசிவீதி:
தம்பி, "எந்தக் கடை" என்று கேட்கிறீர்கள். எனக்கு வயது அறுபத்தாறு, பிறந்ததிலிருந்து மேலமாசி வீதிப் பக்கம்தான். இங்கே முதலில் கேட்க வேண்டியது "மணி என்ன" என்பதைத்தான். மதுரைச் சாப்பாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தில் போனால் சாதாரணக் கடையில்கூட அமிர்தமாக இருக்கும். நேரம் தவறிப் போனால் பேர்போன கடையும் உங்களுக்கு ஆறிப்போன சுக்காவைத்தான் தரும்.

விடியற்காலையில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, அரிசி மாவு கரைத்து, வெல்லம், சுக்கு, ஏலம், தேங்காய் சேர்த்துக் காய்ச்சுவார்கள். தள்ளுவண்டியில் பெரிய பாத்திரத்தோடு வருவார்கள், சாயங்காலமும் கிடைக்கும். காலைப் பலகாரத்துக்கு மேலச்சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம். பகல் பன்னிரண்டரைக்கு மெஸ் சாப்பாடு. நாலரைக்கு மேல் முள்ளுமுருங்கை வடை. வெயில் தாழ்ந்ததும் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. ஏழு மணிக்கு மேல் கறிதோசை, பரோட்டா. ராத்திரி பத்துக்கு மேல் இட்லி. தூங்காநகரம் என்று சும்மா சொல்லவில்லை. சந்தைக்கு லோடு ஏற்றுகிறவர்களும், சினிமா விட்டு வருகிறவர்களும், கோயில் வேலை முடித்து வருகிறவர்களும் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஊர் அப்படி ஆகிவிட்டது.

உங்கள் அம்மா ஞாயிறு மூன்றரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்களே, அது எந்த அடுப்பிலும் எதுவும் புதிதாக இறங்காத நேரம். தப்பு நேரத்தில் இருக்கிறது.

சால்னா82:
ஐயா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கடையும் முக்கியம். கே.கே. நகர் என்றால் தல்லாகுளம் பக்கத்திலேயே இருக்கிறது. அழகர்கோவில் ரோட்டை ஒட்டி அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று அடுத்தடுத்து உண்டு. அயிரைமீன் குழம்பு, நண்டு ஆம்லெட், எலும்பு மஜ்ஜையில் போடும் ஆம்லெட், கோலா உருண்டை எல்லாம் அங்கேதான். விலை கொஞ்சம் கூடத்தான், நாலு பேர் போய் ஆளுக்கு ரெண்டு சைடிஷ் சொன்னால் பில் எகிறும். சாப்பாடு நாலு வாங்கி, சுக்கா ஒன்று, மீன் ஒன்று என்று பகிர்ந்து சாப்பிடுங்கள். குழம்பு வகைகளை அவர்களே அடுத்தடுத்துக் கொண்டுவந்து ஊற்றுவார்கள்.

அயிரை பற்றி ஒரு வார்த்தை. விரல் நீளம்கூட இருக்காது. தலையைக் கிள்ளாமல், முள் எடுக்காமல் முழுசாகச் சாப்பிடுகிற மீன். உயிரோடு வாங்கி வந்து பாலில் விடுவார்கள், அது பாலைக் குடித்து வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கிவிடும். அப்புறம் மண்சட்டியில் கல் உப்பு போட்டு உரசி, வழவழப்புப் போகும் வரை கழுவுவார்கள். இவ்வளவு வேலை இருப்பதால்தான் அந்த விலை. அம்மாவுக்குப் பல் பிரச்சினை இருந்தாலும் அயிரை ஒத்துக்கொள்ளும்.

புதூர்டீச்சர்:
கடைப் பட்டியல் போடுகிற எல்லோரும் ஒன்றை மறந்துவிடுகிறீர்கள். காவிரிக்கரை தம்பி கேட்டது அம்மாவுக்காக. என் மாமியாருக்கு 78. அவரைக் கூட்டிக்கொண்டு நான் பத்து வருஷமாக இந்த ஊரில் சாப்பிடப் போகிறேன். ருசிக்கு முன்னால் நான் பார்ப்பது மூன்று விஷயம்: வாசலில் எத்தனை படி, உட்கார முதுகு சாய்கிற நாற்காலியா வெறும் ஸ்டூலா, பெண்கள் போக ஒரு சுத்தமான கழிப்பறை இருக்கிறதா.

மாசி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் இருக்கும் பழைய கடைகள் பலவற்றில் மூன்றாவது கிடையாது. சர்க்கரை இருக்கிற பெண்கள் இதனாலேயே தண்ணீர் குடிக்காமல் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள், எனக்குத் தெரிந்தே நாலு பேர். எத்தனை ருசியாக இருந்தாலும் இதை நான் குறையென்றுதான் சொல்வேன். வீடியோ எடுக்கிறவர்கள் ஒருவராவது கேமராவை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்களா? பக்கெட் பிரியாணியைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் நாளே போன் பண்ணி, "வயசானவங்க வர்றாங்க, கீழே இடம் கிடைக்குமா" என்று கேட்டுவிடுவேன். பகல் பன்னிரண்டு மணிக்கே போய்விடுவேன், ஒரு மணிக் கூட்டத்துக்கு முன்னால் எழுந்து வந்துவிடலாம். சித்திரை வீதிகளுக்குள் கார் விட மாட்டார்கள், அதனால் கோயிலை ஒட்டிய கடை என்றால் அத்தைக்கு அன்றைக்கு நடக்க முடியுமா என்று பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

காவிரிக்கரை:
டீச்சரம்மா, நாற்காலியைப் பற்றி நீங்கள் எழுதியதை மனைவிக்கும் படித்துக் காட்டினேன். நன்றி. அந்த சர்வீஸ் சார்ஜ் கட்டாயமா என்று யாராவது சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தது, கட்டிவிட்டு வந்தேன்.

செல்லூர்த்தறி:
கட்டாயம் இல்லைங்க. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகம் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. சாதாரண உணவகத்தில் ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி. வருவது மட்டும் முறை. "இதை எடுத்துட்டுப் போட்டுக் குடுங்கண்ணே" என்று கவுண்டரில் மெதுவாகச் சொன்னால் போதும், சண்டை தேவையில்லை.

இன்னொன்று. கறிதோசையை ஒருமுறை அம்மாவுக்குக் காட்டுங்கள். சாப்பிடுவதற்கு முன்னால் போடுவதைப் பார்க்க வேண்டும். சிம்மக்கல் கோனார் கடையில் நான் கல்லுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். மாஸ்டர் மாவைத் தேய்க்க மாட்டார், ஊத்தப்பம் மாதிரி கனமாக ஊற்றி விடுவார். அது பாதி வெந்து ஓட்டை விழும்போது மேலே முட்டையை ஊற்றிப் பரப்புவார். அதற்கு மேல் ஏற்கனவே மசாலாவில் வெந்த கறி, பொடியாகக் கொத்தியது, ஒரு பெரிய கரண்டி. கரண்டி முதுகால் அழுத்தி விடுவார், கறி முட்டைக்குள் உட்கார வேண்டும். ஓரமாக எண்ணெய் விட்டு, அவசரப்படாமல் காத்திருந்து, அகலத் திருப்பியால் ஒரே திருப்பு. கறி கல்லில் பட்டதும் ஒரு சத்தம் வரும், கூடவே மிளகு வாசம் ஏறும். அந்த வாசத்துக்குப் பக்கத்தில் நிற்கிற எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். ஒரு தோசை இரண்டு பேருக்குப் போதும். குழம்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தறி ஓட்டி முடித்துச் சனிக்கிழமை கூலி வாங்கியதும் அப்பா என்னை அங்கே கூட்டிப்போவார். ஒரு தோசைதான் வாங்குவார். முக்கால்வாசி எனக்கு.

மெஸ்பையன்:
நான் தல்லாகுளம் பக்கம் ஒரு மெஸ்ஸில் ஆறு வருஷம் சப்ளையர், அப்புறம் மூன்று வருஷம் அடுப்படி. இப்போது வேறு வேலை. மாசிவீதி ஐயா நேரம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

கறி விடியற்காலையில் வந்துவிடும். ஏழு மணிக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் ஒன்பதரை ஆகும். எங்கள் கடையில் சின்ன வெங்காயம்தான், மிஷினில் போட மாட்டோம். மசாலா அம்மிதான் என்று சொன்னால் பொய், கிரைண்டர்தான், ஆனால் அன்றன்றைக்கு அரைத்தது. பதினொன்றே முக்காலுக்குக் குழம்பு இறங்கும். பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை சுக்காவைச் சின்னச் சட்டியில் ரெண்டு, மூன்று பிளேட்டாகத்தான் வறுப்போம். அந்த நேரத்தில் வருகிறவருக்குக் கிடைப்பது கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருக்கும். ஞாயிறு ஒன்றரைக்கு மேல் கூட்டம் அடித்தால் பெரிய சட்டிக்கு மாறிவிடுவோம். பத்துப் பிளேட் ஒன்றாக வறுத்து வைத்து எடுத்துக் கொடுப்பதுதான். அதே கறி, அதே மசாலா, ஆனால் தண்ணீர் விட்டுப் போகும். மூன்று மணிக்கு மேல் அடியில் இருப்பதைச் சூடு பண்ணித் தருவார்கள். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்றில்லை, அடுப்படியில் நிற்கிறவனுக்குக் கால் ஓய்ந்துவிடும். நாங்கள் சாப்பிடவே நாலு மணி ஆகும்.

அதனால் அம்மாவைக் கூட்டிப்போகிற அன்றைக்குப் பன்னிரண்டே காலுக்குப் போங்கள். முடிந்தால் ஞாயிறை விட்டுவிட்டு வியாழன் போங்கள். உட்கார்ந்ததும் சப்ளையரிடம் "இன்னிக்கு எது நல்லா இருக்கு தம்பி" என்று கேளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்கிறவர்களுக்குப் பொய் சொன்னதில்லை.

சால்னா82:
மெஸ்பையன் தம்பி, பெரிய சட்டி விஷயம் இத்தனை நாள் எனக்குத் தெரியாது. ஞாயிறு ரெண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு "கடை முன்ன மாதிரி இல்ல" என்று நானே பலமுறை எழுதியிருக்கிறேன். இனி யோசித்துத்தான் எழுத வேண்டும்.

பரோட்டா பக்கம் வருகிறேன். உங்கள் வீட்டிலிருந்து சாத்தமங்கலம் பத்து நிமிடம், ஆவின் பக்கத்தில் பன் பரோட்டாக் கடை. பெயருக்கேற்றபடி பன் மாதிரி உப்பி, உள்ளே மெத்தென்று இருக்கும். பையனுக்குப் பிடிக்கும். அம்மாவுக்கு வேண்டாம், ராத்திரி மைதா செரிக்காது. பார்சல் வாங்கினால் வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். கொதிக்கிற சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தப் பைக்குத் தடை இருக்கிறது.

மாசிவீதி:
தூக்குச்சட்டியில் வாங்கினால் ஒரு கரண்டி கூடவே விழும், அதையும் சொல்லுங்கள். பார்சல் கட்டுகிறவருக்கும் வேலை மிச்சம்.

விருதுநகர்வாசி:
ஊருக்கு வெளியேயும் வாருங்கள். தெற்கே ஒரு மணி நேரத்தில் எங்கள் ஊர். எண்ணெய்ப் பரோட்டா, எண்ணெயில் மூழ்கப் பொரித்தது, அப்பளம் மாதிரி நொறுங்கும். அதைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். வடக்கே திண்டுக்கல் அறுபது கிலோமீட்டர் சொச்சம். சீரகச்சம்பா அரிசி பிரியாணியை அதன் ஊரிலேயே ஒருமுறை சாப்பிட வேண்டும். 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய கடைதான் இன்றைக்குத் தலப்பாக்கட்டி என்று ஊர் ஊராக இருப்பது.

எங்கள் ஊருக்கு வருகிற வழியில் திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கம் வடக்கம்பட்டி என்று ஒரு கிராமம். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு முனியாண்டி விலாஸ் போர்டு பார்ப்பீர்களே, அந்த முனியாண்டி சாமி கோயில் இங்கேதான். அந்த ஊர்க்காரர்கள்தான் வெளியூர் போய்க் கடை போட்டார்கள். தை மாதமும் மாசி மாதமும் திருவிழா. ஓட்டல்காரர்கள் எங்கிருந்தாலும் அன்றைக்கு ஊருக்கு வந்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாக ஆட்டுக்கறிப் பிரியாணி சமைத்து, விடிந்ததும் வருகிறவர்களுக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். நான் மூன்று முறை போயிருக்கிறேன். சாதி, ஊர், யார் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, இலையை நீட்டினேன், போட்டார்கள்.

புதூர்டீச்சர்:
சைவம் வேண்டும் என்கிற நாளில் அழகர்கோயில் போய் வாருங்கள். இருபது கிலோமீட்டர் வரும், அடிவாரத்தில் சாமி கும்பிட அம்மாவால் முடியும். தோசைப் பிரசாதம் வாங்காமல் வராதீர்கள். நம் வீட்டுத் தோசை மாதிரி இருக்காது. கனமாக, ஓரம் மொறுமொறுவென்று, மிளகும் நெய்யுமாக இருக்கும். ரெண்டு நாள் வைத்துச் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது.

காவிரிக்கரை:
போன வாரம் முழுக்க இந்த இழையைப் படித்துவிட்டு, நேற்று ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டேன். வியாழக்கிழமை. முதல் நாளே போன் பண்ணிக் கீழே இடம் சொல்லி வைத்தோம். சரியாகப் பன்னிரண்டே காலுக்கு மெஸ்ஸில் இருந்தோம். பையனுக்குப் பள்ளி, அவன் வரவில்லை.

"இன்னிக்கு எது நல்லா இருக்கு தம்பி" என்று அம்மாவே கேட்டார். அந்தப் பையன் இலையைத் துடைத்துக்கொண்டே, "நெஞ்செலும்புக் குழம்பு இப்பதான் இறங்குச்சும்மா, அயிரை இன்னிக்கு வரல, விரால் இருக்கு" என்றான். சுக்கா வந்தது. மெஸ்பையன் சொன்னது போலவே தொட முடியாத சூடு, கறிவேப்பிலை இன்னும் பச்சையாக இருந்தது. அம்மா முதலில் கொஞ்சமாகச் சோறு வாங்கியவர் மறுசோறு கேட்டார். தஞ்சாவூரில் அப்பா இருந்தபோது மார்க்கெட் பக்கத்தில் ஒரு கடையில் இப்படிச் சாப்பிட்டோம் என்றார். எனக்கு அது தெரியாது, நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது.

சாயங்காலம் பையன் வந்ததும் நாலு பேரும் டவுனுக்குப் போனோம். முள்ளுமுருங்கை வடை. கடைக்காரம்மா பச்சை மாவை வாழையிலையில் வைத்து உள்ளங்கையால் பூரி அளவுக்குத் தட்டி எண்ணெயில் விட்டார். ஒரு நொடி கீழே போய், மேலே வந்து, அப்படியே பந்தாக உப்பியது. வடிகட்டி எடுத்து, சூடு ஆறுவதற்குள் மேலே காரப்பொடி தூவினார். பையன் அதை விரலால் குத்த, உள்ளேயிருந்து ஆவி வந்தது. அரிசியும் கல்யாண முருங்கை இலையும் சேர்த்து அரைத்த மாவு என்று அம்மா வாசத்திலேயே சொல்லிவிட்டார். சளிக்கு எங்களுக்கும் வீட்டில் இதைத்தான் தட்டிக் கொடுப்பார், அங்கே அது அடை.

அம்மாவுக்கு அங்கே உட்கார இடம் இல்லை. கேட்காமலே பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் தன் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

மெஸ்பையன்:
அண்ணே, படிக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. நெஞ்செலும்பு இறங்கியது என்று சொன்ன தம்பி எந்தக் கடை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அயிரை தினமும் வராது. மழை பெய்து கண்மாயில் தண்ணீர் ஓடுகிற நாட்களில் நிறைய வரும். காலை பத்து மணிக்குப் போன் பண்ணிக் கேளுங்கள், அதற்குள் மீன்காரர் வந்திருப்பார். இருந்தால் ஒரு பிளேட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வைப்பார்கள்.

காவிரிக்கரை:
சரிங்க தம்பி. மழை வந்ததும் கேட்கிறேன். அம்மா இப்போதே தேதி கேட்கிறார். வடக்கம்பட்டித் திருவிழா தையில் எந்த நாள் என்று விருதுநகர்வாசி அண்ணன் தெரிந்ததும் இங்கே போட்டுவிடுங்கள். காரில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது. டீச்சரம்மா, உங்கள் மாமியார் வருவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.